விவாகரத்தான பாதிரிக்கு வேலை உண்டா?

(பகுத்தறிவாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். "பாதிரி பெண்ஜாதியை விட்டால் நமக்கென்ன? பெண்ஜாதி பாதிரியை விட்டால் நமக்கென்ன? கடவுளே வேண்டாம் என்கிறவர்களுக்குக் கடவுளின் வேலைக்காரனைப் பற்றி ஏன் கவலை?" என்று கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால் ஒரு மதம் தன் குருமாருக்கு என்ன சட்டம் செய்து வைத்திருக்கிறது என்று பார்த்தால், அந்த மதம் மனிதனை, அதிலும் பெண்ணை, என்னவாக மதிக்கின்றது என்பது விளங்கிவிடும். அன்றியும் இந்தச் சட்டத்தால் அடிபடுகிறவர்கள் பாதிரிமார் மாத்திரமல்ல. பாதிரியின் வீட்டுக்குள்ளே வாய் திறக்க முடியாமல் இருக்கும் ஒரு பெண்ணும் அடிபடுகிறாள். அவளுக்காகத்தான் இதைப் பேசுகிறேன்.

விஷயம் இதுதான். லூத்தரன் கிறிஸ்தவ சபைகளில், விவாகரத்தான பாதிரியார் தொடர்ந்து ஊழியத்தில் இருக்கலாமா, கூடாதா என்பது நெடுநாளைய வழக்கு. ரோமன் கத்தோலிக்கரிடத்தில் இந்த வழக்குக்கு அதிக இடமில்லை; அங்கே சாதாரணமாகப் பாதிரிக்குக் கல்யாணமே கிடையாது. லூத்தரன் சபையில் கல்யாணம் உண்டு. கல்யாணம் உண்டானால் மனஸ்தாபம் உண்டு. மனஸ்தாபம் முற்றினால் விவாகரத்தும் உண்டு. பிறகு அந்த மனிதனைப் பிரசங்க மேடையில் நிறுத்துவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது கேள்வி.

இதற்கு அவர்களிடம் ஒரே பதில் இருக்கின்றதா? இல்லை. அமெரிக்காவில் 1847ம் வருஷத்தில் ஏற்பட்ட மிசௌரி லூத்தரன் சபை கண்டிப்பானது. 1987ல் அந்தச் சபையின் வேதவிசாரணைக் கமிஷன் ஓர் அறிக்கை வெளியிட்டது. துணைவர் விபசாரம் செய்தாலோ, கைவிட்டுப் போனாலோ, இந்த இரண்டுதான் வேதத்துக்கு ஒத்த காரணங்கள் என்பதும், அப்படிப்பட்ட காரணமில்லாமல் விவாகரத்துச் செய்த பாதிரி சாதாரணமாக ஊழியத்தில் நீடிக்கக் கூடாது என்பதும் அவர்கள் கட்சி. அதே அமெரிக்காவில் மூன்று சபைகள் ஒன்றுசேர்ந்து 1988ல் உண்டான சுவிசேஷ லூத்தரன் சபையிலோ, விவாகரத்து ஆனது என்ற ஒன்றினாலேயே குருப்பட்டம் போய்விடுவதில்லை. ஜெர்மனியில், பாதிரி தன் விவாகரத்தை மேலதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், வேண்டுமானால் ஊர் மாற்றுவார்கள், உத்தியோகம் போவதில்லை.

ஒரே வேதம், ஒரே லூத்தர், ஒரே விசுவாச அறிக்கை. தீர்ப்பு மாத்திரம் ஊருக்கு ஒன்று, சபைக்கு ஒன்று! கடவுளின் சட்டமானால் கடல் தாண்டியவுடன் மாறுமா? ஒரே தேசத்திலேயே ஒரே தெருவில் இருக்கிற இரண்டு கோயில்களுக்குள் மாறுமா? ஆகவே இதில் தீர்ப்புச் செய்கிறவர்கள் மனிதர்கள்தான். மனிதர்கள் செய்த தீர்ப்பை மனிதர்கள் யோசித்துப் பார்க்கலாம், நாமும் பார்க்கலாம்.

லூத்தர் செய்த காரியம்

முதலாவது, இந்தச் சபைக்குப் பேர் கொடுத்த மார்ட்டின் லூத்தர் என்ன செய்தார் என்று பார்ப்போம். அவர் சன்னியாசி. கல்யாணம் செய்துகொள்ளுவதில்லை என்று சத்தியம் செய்தவர். அவருடைய மனைவியான காத்தரீனாவோ கன்னிகாஸ்திரீயாக மடத்தில் இருந்தவர். 1523ல் மடத்தை விட்டு வெளியேறினவர். அந்த அம்மையாரும் சத்தியம் செய்தவரே. இரண்டு சத்தியத்தையும் உடைத்துவிட்டு 1525ம் வருஷம் ஜூன் மாதம் இருவரும் விவாகம் செய்துகொண்டார்கள். மனித இயற்கைக்கு விரோதமான சத்தியம் மனிதனைக் கட்டாது என்பதே அவர்கள் காட்டிய நியாயம். நல்ல நியாயம்; நாம் ஒப்புக்கொள்ளுகிறோம்.

அதற்கு முன்னிருந்த யோக்கியதை என்ன? பாதிரி மனைவி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். ஆனால் பல இடங்களில் வைப்பாட்டி வைத்துக்கொண்ட பாதிரியிடம் மேலதிகாரிகள் அபராதத் தொகையை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளுவார்கள். மனைவி என்றால் குற்றம், வைப்பாட்டி என்றால் வருமானம்! சட்டம் பார்த்தது பேரைத்தானே ஒழிய நடத்தையை அல்ல. இந்த அக்கிரமத்தை எதிர்த்துப் பிறந்ததுதான் லூத்தரன் சபை என்பதை மறந்துவிடாதீர்கள். பின்னால் இது உதவும்.

இரண்டாவது, கல்யாணம் என்பதைப் பற்றி லூத்தர் என்ன சொன்னார்? கத்தோலிக்க சபை அதைத் திருவருட்சாதனம் என்றது. 1520ல் லூத்தர் அதை மறுத்தார். 1530ல் விவாக வழக்குகளைப் பற்றி எழுதினபோது, சோறு, துணி, வீடு, வாசலைப் போலக் கல்யாணமும் ஒரு லௌகிக விஷயம், அது சர்க்காரின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்ற கருத்தை ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். விவாகரத்தை அவர் வெறுத்தவர்தான். ஆனாலும் 1522லேயே விபசாரம், தாம்பத்திய வாழ்க்கைக்கு ஒரேயடியாக மறுப்பது போன்ற காரணங்களுக்கு அதை அனுமதித்தார். 1537ல் அவருடைய தோழர் மெலாங்தன் எழுதின நூலொன்றில், விவாகரத்தான பிறகு குற்றமற்றவர் மறுமணம் செய்துகொள்ளக் கூடாது என்று தடுப்பது அநியாயம் என்று கண்டிருக்கின்றது. அது யாரோ ஒருவருடைய சொந்த அபிப்பிராயமல்ல. லூத்தரன் சபைகளின் விசுவாச நூல் தொகுப்பிலேயே சேர்ந்திருக்கின்ற வாசகம்.

அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. ஹெஸ்ஸெ தேசத்துப் பிரபுவான பிலிப் என்பவருக்கு மனைவி இருக்கும்போதே இன்னொரு பெண்ணின்மேல் ஆசை. 1539ம் வருஷம் டிசம்பரில் லூத்தரும் மெலாங்தனும் அதற்குச் சம்மதக் கடிதம் கொடுத்தார்கள். இரகசியமாக வைத்துக்கொள் என்றும் யோசனை சொன்னார்கள். 1540ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் இரண்டாவது கல்யாணம் நடந்தது. விஷயம் வெளியில் வந்து சிரிப்பாய்ச் சிரித்தது. மனைவியை விடுவது பாவம், மனைவியின்மேல் இன்னொரு மனைவியைக் கொண்டுவருவது சமாளிக்கக் கூடியது என்றால், அந்தத் தராசில் பெண்ணுக்கு என்ன எடை இருந்தது என்று கேட்கின்றேன்.

நுழையும்போது லௌகிகம், வெளியேறும்போது தெய்வீகமா?

இப்போது நம்முடைய வாதத்துக்கு வருவோம். கல்யாணம் லௌகிகமென்று சபையை உண்டாக்கினவரே சொல்லிவிட்டார். ஜெர்மன் சர்க்காரும் 1875ம் வருஷத்துச் சட்டத்தால் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சர்க்கார் அதிகாரியின் முன்னால் பதிவு செய்துகொண்டால்தான் கல்யாணம். கோயிலில் நடப்பது ஆசீர்வாதம் மாத்திரம். கட்டி வைப்பது சர்க்கார். அவிழ்த்து விடுவது கோர்ட்டு. நடுவிலே பாதிரிக்கு மாத்திரம் அந்த முடிச்சு தெய்வீக முடிச்சாகிவிடுவது எப்படி? உள்ளே நுழையும்போது லௌகிக வாசல், வெளியே வரும்போது மோட்ச வாசல் என்று ஒரு வீட்டுக்கு இரண்டு சட்டம் உண்டா?

கோர்ட்டுகளும் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தன. "குற்றம் யாருடையது?" என்று புருஷன் பெண்ஜாதியின் படுக்கையறையைக் கிளறும் வழக்கத்தை விட்டுவிட்டன. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம் 1969ல் செய்த சட்டம் 1970 முதல் அமுலுக்கு வந்தது. மேற்கு ஜெர்மனி 1976ல் சட்டம் செய்து 1977 முதல் நடத்தியது. குடும்பம் சீர்செய்ய முடியாதபடி உடைந்துவிட்டதா என்பதே அதன்பின் கேள்வி. ஆனால் கண்டிப்பான சபைகளில் இன்னமும் "குற்றமற்ற கட்சி யார்?" என்ற விசாரணை நடக்கின்றது. ஒரு மனிதனுக்குச் சோறு கிடைக்க வேண்டுமானால் அவன் தன் மனைவி விபசாரி என்று ருசுப்படுத்த வேண்டும்! அவளைக் கேவலப்படுத்தினால் உத்தியோகம் நிற்கும். கௌரவமாகப் பேசி, பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்தால் உத்தியோகம் போகும். இப்படிப்பட்ட சட்டம் ஒழுக்கத்தை வளர்க்குமா, புறங்கூறுதலை வளர்க்குமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வேதத்தின் பட்டியல்

"நாங்களாகச் சொல்லவில்லை, வேதம் சொல்லுகின்றது" என்பார்கள். எந்த இடத்தில் என்று கேட்டால், தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபம், மூன்றாம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். கண்காணியானவன் ஒரே மனைவியை உடையவனாக இருக்க வேண்டும், தன் வீட்டை நன்றாக நடத்துகிறவனாக இருக்க வேண்டும் என்று அங்கே இருப்பது மெய்தான். ஆனால் அதே பட்டியலில் இன்னும் என்னென்ன இருக்கின்றது? குடிகாரனாக இருக்கக் கூடாது. அடிக்கிறவனாக இருக்கக் கூடாது. சண்டைக்காரனாக இருக்கக் கூடாது. பண ஆசை பிடித்தவனாக இருக்கக் கூடாது என்றும் இருக்கின்றது.

தோழர்களே! பண ஆசை பிடித்த பாதிரியின் வேலையைப் பறிக்க, விவாகரத்துக்குச் செய்வது போல ஒரு கமிஷன் வைத்து, காரணம் இரண்டா மூன்றா என்று எண்ணி அறிக்கை போட்டார்களா? விவாகரத்துக்குக் கோர்ட்டுக் காகிதம் இருக்கின்றது, ஊருக்குத் தெரிகின்றது, பிடிப்பது சுலபம். பண ஆசைக்குக் காகிதம் இல்லை. வீட்டுக்குள் விழும் அடிக்கும் காகிதம் இல்லை. ஆகவே காகிதம் உள்ளதைப் பிடித்துக்கொண்டு, காகிதம் இல்லாததை விட்டுவிடுகிறார்கள். மனைவிக்குத் தண்டனை, வைப்பாட்டிக்கு அபராதம் என்று பழைய சபை நடத்தின அதே கணக்குத்தானே இது?

அடி யார் முதுகில் விழுகிறது?

இப்போது அந்த வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். பல ஊர்களில் பாதிரி குடியிருக்கும் வீடு சபையின் வீடு. சம்பளம் சபையின் சம்பளம். பிள்ளைகள் படிப்பது அந்த வருமானத்தில். மனைவிக்கு அக்கம்பக்கத்தில் இருக்கிற சிநேகிதர் எல்லாம் அதே சபையார். அப்படிப்பட்ட வீட்டில் புருஷன் கை நீட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் என்ன செய்வாள்? கோர்ட்டுக்குப் போனால் புருஷன் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டும். குற்றப்பட்டியலில் விபசாரமும் கைவிடுதலும் இருக்கின்றனவே தவிர, அடி என்பது பேர் சொல்லி இல்லை. ஆதலால் அவள் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து, குடும்ப ஒற்றுமையைப் பற்றி அவனே செய்யும் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். நம் ஊரில் "கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்" என்று சொல்லி வைத்தார்களே, அதற்கும் இதற்கும் வித்தியாசம் பாஷை ஒன்றுதான்.

சில நல்ல பண்டிதர்கள், அடிப்பதும் கைவிடுவதற்குச் சமானந்தான் என்று வியாக்கியானம் செய்கிறார்கள். செய்யட்டும், சந்தோஷம். ஆனால் அந்த வியாக்கியானம் எங்கிருந்து வந்தது? வசனத்திலிருந்தா? வசனம் அவர்களுக்கு முன்னாலும் அப்படியேதானே இருந்தது? அடிபட்ட பெண்ணைக் கண்டு மனம் பொறுக்காமல், அறிவைக் கொண்டு நியாயம் கண்டுபிடித்துவிட்டு, பிறகு வசனத்தைத் தேடி ஒட்டுகிறார்கள். அந்த அறிவையே நேராக நம்பினால் என்ன என்றுதான் நாம் கேட்கிறோம்.

ஒரு பிஷப்பின் கதை

ஜெர்மனியில் ஹனோவர் லூத்தரன் சபைக்கு மார்கோட் கெஸ்மான் என்கிற அம்மையார் 1999ல் பிஷப்பானார். நான்கு பெண்களுக்குத் தாய். 2007ல் அவருக்கு விவாகரத்து ஆயிற்று. பிஷப்பே விவாகரத்துச் செய்யலாமா என்று பேச்சு எழுந்தது. ஆனால் அவர் பதவியில் நீடித்தார். வானம் இடிந்து விழவில்லை. கோயில் சுவர் வெடிக்கவில்லை. அது மாத்திரமல்ல, 2009ம் வருஷம் அக்டோபரில் ஜெர்மன் சுவிசேஷ சபைகளின் கவுன்சிலுக்கே தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஸ்தானத்துக்கு வந்த முதல் பெண்மணி அவர்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 2010ம் வருஷம் பிப்ரவரி மாதம் குடித்துவிட்டு மோட்டார் ஓட்டிச் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனதாகப் போலீசார் அவரைப் பிடித்தார்கள். கவுன்சில் அங்கத்தினர்கள் அவரிடத்தில் நம்பிக்கை தெரிவித்துங்கூட, சில நாட்களுக்குள் அவர் இரண்டு பதவிகளையும் தாமே ராஜிநாமா செய்துவிட்டார்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கின்றது. விவாகரத்தால் தெருவில் போகிறவன் ஒருவனுக்கும் ஆபத்தில்லை. குடித்து மோட்டார் ஓட்டினால் ஆபத்துண்டு. அந்த அம்மையார் முதலாவதற்குப் பதவியை விடவில்லை, இரண்டாவதற்கு விட்டார். கடவுள் நம்பிக்கையில் அவருக்கும் நமக்கும் வெகுதூரம் இருக்கலாம். ஆனால் எது பிறருக்குக் கேடு, எது தன் சொந்தத் துக்கம் என்று பிரித்துப் பார்த்த விஷயத்தில் அவர் நடந்துகொண்டது சரி என்றே சொல்லுவேன்.

ஆட்சேபணைகள்

"பாதிரி மற்ற உத்தியோகஸ்தனைப் போலல்ல, அவன் ஊருக்கு முன்மாதிரி" என்று ஆட்சேபிப்பார்கள். முன்மாதிரி எதற்கு? பொய்யாகச் சேர்ந்திருப்பதற்கா, நேர்மையாகப் பிரிவதற்கா? வைத்தியனுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் வைத்தியம் மறந்துபோனான் என்று சொல்லுவோமா? தன் குடும்பம் உடைந்த கஷ்டத்தை அறிந்தவன், அதே கஷ்டத்தோடு வருகிறவனுக்குக் கல்நெஞ்சனாக இல்லாமல் ஆறுதல் சொல்லவுங் கூடும்.

"பரிசுத்தம் கெட்டவன் கையால் திருவிருந்து வாங்கலாமா?" என்று கேட்பார்கள். அதற்கு அவர்களுடைய 1530ம் வருஷத்து ஆக்ஸ்பர்க் அறிக்கையின் எட்டாவது பிரிவே பதில் சொல்லுகின்றது. கொடுக்கிறவன் கெட்டவனாக இருந்தாலும் அந்தச் சடங்கின் பலன் கெடுவதில்லை என்பது அதன் தாத்பரியம். அந்தப் பலனில் நமக்கு நம்பிக்கையில்லை, அது வேறு. ஆனால் அவர்கள் கணக்குப்படியே பரிசுத்த வாதம் விழுந்துபோகின்றது. பாக்கி நிற்பது, இவன் இந்தப் பொது வேலைக்கு நம்பத்தக்கவனா என்ற சாதாரணக் கேள்விதான்.

"அப்படியானால் யாரும் எதுவும் செய்துவிட்டு இருக்கலாமா?" என்பார்கள். இல்லவே இல்லை. நாம் சொல்லுவது அவர்கள் சட்டத்தைவிடக் கண்டிப்பானது. மூன்றே கேள்வி கேளுங்கள். வீட்டில் இருப்பவரை அடித்தானா, கொடுமை செய்தானா? துக்கம் சொல்லி ஆறுதல் தேடி வந்தவளை நம்பவைத்துக் கெடுத்தானா? மனைவி மக்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடாமல் ஏய்த்தானா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று ருசுவானால், விவாகரத்து ஆனாலும் ஆகாவிட்டாலும் அவனை மேடையை விட்டு இறக்குங்கள். ஒன்றுமில்லை, இருவருக்கும் ஒத்துவரவில்லை, மரியாதையாகப் பிரிந்தார்கள் என்றால், அவன் வேலையை அவன் பார்க்கட்டும். வேலை செய்வது பெண்ணானாலும் இதே கேள்வி, இதே தீர்ப்பு. அதோடு, பாதிரியின் வேலை போனாலும் நின்றாலும், அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் குடியிருக்க இடமும் ஜீவனத்துக்கு வழியும் சபை செய்து கொடுக்க வேண்டும். அது இருந்தால்தான் அவள் உண்மையைச் சொல்ல வாய் திறப்பாள். அதைச் செய்யாமல் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சு.

நமக்கு என்ன சம்பந்தம்?

லூத்தரன் மதம் நமக்குத் தூரத்துச் சரக்கல்ல. 1706ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கின நாள் முதல் அது தமிழ் மண்ணில் இருக்கின்றது. 1919ல் தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை என்று தனிச் சபையும் ஏற்பட்டது. இந்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு வெள்ளைக்கார சர்க்கார் 1869ல் செய்த விவாகரத்துச் சட்டம் என்ன சொல்லிற்று? மனைவி விபசாரம் செய்தாள் என்றால் புருஷனுக்கு அது ஒன்றே போதும். புருஷன் விபசாரம் செய்தான் என்றாலோ மனைவிக்கு அது போதாது; கூடவே கொடுமையோ, இரண்டு வருஷம் கைவிட்டதோ, வேறொரு குற்றமோ சேர்த்துக் காட்ட வேண்டும். இந்த அநீதி 2001ல் சட்டம் திருத்தப்படும் வரையில், 132 வருஷம் இருந்தது! 1929ல் செங்கல்பட்டில் கூடின சுயமரியாதை மகாநாடோ ஆண், பெண் இருவருக்கும் விவாகரத்து உரிமை வேண்டுமென்று அப்போதே தீர்மானம் செய்தது. வேதமும் சாஸ்திரமும் கண்ணுக்குத் தெரியாத நியாயம் அந்தப் பந்தலிலிருந்த சாதாரண ஜனங்களுக்கு எப்படித் தெரிந்தது? பெண்ணும் மனுஷி என்று நினைத்ததால் தெரிந்தது.

ஆகவே தோழர்களே! கல்யாணம் என்பது இரண்டு பேர் சுகமாகவும் மானமாகவும் வாழச் செய்துகொள்ளும் ஏற்பாடு. சுகமும் மானமும் போன பிறகு ஏற்பாட்டை மாத்திரம் கட்டிக் காப்பது பாதிரிக்கும் தேவையில்லை, பாமரனுக்கும் தேவையில்லை. லூத்தரன் சகோதரர்களுக்கு நான் சொல்லுவதெல்லாம், உங்கள் லூத்தர் உடைத்த பூட்டை நீங்கள் திரும்ப மாட்டாதீர்கள் என்பதுதான். பாதிரியின் விவாகரத்துக் காகிதத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவதை விட்டு, அவன் வீட்டிலிருந்தவள் சொல்லுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய், உங்கள் பெண்மக்களோடும் கலந்து யோசித்து, சரி என்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.